நீ கொடுத்த போனில் நான் மாற்றிய பிரவுசர்

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலம் அறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை முதல் பாதியை எழுதக் கை ஓடவில்லை. இரண்டாம் பாதிக்காகத்தான் இந்தக் கடிதமே. அதற்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள். எதிர்வீட்டு மருமகன் விடுமுறை முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார். அவருடைய பெட்டியில் ஓர் ஓரமாக இதை வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனில் அனுப்பினால் நொடியில் வந்துவிடுமே என்பாய். போனில் எழுதுவதெல்லாம் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால்தான் காகிதம். நீ படித்த பிறகு உன் அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பாள், அவள் கையிலும் மகன் கொடுத்துவிட்டுப் போன போன் ஒன்று இருக்கும்.

போன வாரம் பேசும்போது, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடப் போவதாகச் சொன்னாய். மாதம் முடிவதற்குள் மேனேஜரிடம் சொல்லிவிடுவேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். "நீங்க அங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்மா. நீங்க சொல்லலன்னாலும் தெரியும்" என்றாய். நான் சரி என்றேன். உன் அத்தா மவுத்தானதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் என் வாயில் வருகிற ஒரே சொல் அதுதான். எப்போது குளிப்பாட்டலாம் என்றார்கள், சரி என்றேன். பிள்ளை வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிடலாம் என்றார்கள், அதற்கும் சரி. வெற்றிலை மண்டியைக் கூட்டாளியே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீ சொன்னாய், அதற்கும் சரி. நீ இத்தனை வருடம் பாடுபட்டு ஏறி வந்த வேலையை விடுவதற்கும் அதே சரியைப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு சரியை மட்டும் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வராதே என்று சொல்வதற்காக இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நீ உன் வாழ்க்கையை மாற்றக் கூடாது.

இத்தா இருப்பது எப்படி என்று ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தருவதும் இல்லை. நாலு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல், பூவும் நகையும் நல்ல புடவையும் இல்லாமல் வீட்டோடு கிடக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் பாவம் பாவம் என்கிறார்கள். எனக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. கஷ்டம் தெரிகிற இடம் வேலை செய்தால்தானே தெரிவதற்கு. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. குழம்பில் உப்பில்லை என்றால் பக்கத்தில் சாப்பிடுகிறவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்கள். நான் அவர்களுக்கு டீ போடச் சொல்லிவிட்டு, சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த மனிதர். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "ரொம்பத் தைரியம் உங்களுக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அதற்கும் சரி என்றேன்.

நீ மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்து சேர்ந்தாய். நேராகப் பள்ளிவாசல் பக்கம் போய் அத்தாவின் கபரைப் பார்த்துவிட்டு, பையைக்கூட இறக்காமல் வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்றாய். நீ விழுந்து அழுவாய், உன்னைத் தேற்ற வேண்டும் என்று நான் என்னைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். நீயோ, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அவ்வளவுதான், நமக்குள் நடந்த துக்கம். மறுநாளிலிருந்து நீ மண்டிக் கணக்கைப் பார்த்தாய், பந்தல்காரரிடம் பேசினாய், வங்கிக்குப் போனாய், தொட்டிக் குழாயைச் சரிசெய்தாய். நான் வருகிறவர்களுக்கு எல்லாம் வேளை தவறாமல் சாப்பாடு போகிறதா என்று உள்ளே இருந்து பார்த்துக்கொண்டேன். தெருவே நம்மைப் புகழ்ந்தது. பிள்ளை திடமாக இருக்கிறானே, நான் உடைந்து அவனை உடைத்துவிடக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று உன் போனை எனக்குக் கொடுத்தாய். அத்தாவின் போனில் கண்ணாடி உடைந்திருந்தது, அதைத் தொடவும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அங்கே போய் வேறு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, "இதுல அத்தா படமெல்லாம் இருக்கும்மா, அக்கவுண்ட்ட மட்டும் எடுத்துடாதீங்க, படமெல்லாம் போயிடும்" என்றாய். அக்கவுண்ட் என்றால் எனக்கு வங்கிதான். தலையாட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். வெளி ஆம்பளை குரலைக்கூடத் தேவைக்கு மட்டும் கேட்க வேண்டிய நேரம் அது. கடைக்குப் போய் யாரிடமும் விவரம் கேட்கவும் முடியாது. நாலு சுவருக்குள் எனக்கு மிஞ்சிய சன்னல் அந்தப் போன்தான். அதில் ஒரு பிரவுசர், அதில் ஒரு நீளப் பெட்டி, பெட்டியின் ஓரத்தில் ஒரு மைக் படம். அதைத் தொட்டுவிட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று நீதான் காட்டிக் கொடுத்தாய்.

முதலில் இத்தாவின் சட்டங்களைத்தான் கேட்டேன். தலை வாரலாமா, மாடிக்குப் போய்த் துணி காயப்போடலாமா, சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கலாமா. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்க வெட்கமாக இருக்கும் கேள்விகளை அந்தப் பெட்டி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. அப்புறம் காலையில் டீயோடு மேட்டூர் நீர்மட்டம் கேட்க ஆரம்பித்தேன். உன் அத்தா கேட்பாரே, இன்றைக்கு எத்தனை அடி என்று பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தானே மண்டிக்குக் கிளம்புவார், குடமுருட்டியில் தண்ணீர் வந்தால்தான் வெற்றிலைக் கொடிக்கால் தழைக்கும் என்று. எனக்குக் கொடிக்காலும் இல்லை, மண்டியும் இல்லை. இருந்தாலும் கேட்டேன், அது சொன்னது, நான் யாரிடமும் சொல்லாமல் டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகு கேள்விக்குக் கணக்கே இல்லை. ஒருத்திக்கு மட்டும் எவ்வளவு அரிசி போடுவது. உட்கார்ந்தே இருந்தால் முழங்கால் வலிக்குமா. தூக்கம் வராமல் படுத்திருந்தால் என்ன ஓதுவது. பசி எடுக்காமல் போவது எந்த நோய். ஒருநாள் அதையும் கேட்டேன்: கணவர் இறந்த பிறகு மனைவிக்கு அழுகை வராமல் இருக்குமா.

இதற்கு நடுவில் ஓர் அதிசயம் நடந்தது. முழங்காலைப் பற்றிக் கேட்ட அதே வாரம் கூரியரில் முழங்கால் பட்டை வந்தது, நீ அனுப்பியதாக. அரிசியைப் பற்றிக் கேட்டேன், சின்னக் குக்கர் ஒன்று வந்து இறங்கியது. தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் நீ போன் பண்ணி, "தூங்குறீங்களாம்மா, உண்மையச் சொல்லுங்க" என்றாய். பசியைப் பற்றிக் கேட்ட பிறகு கும்பகோணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா, உன் சிநேகிதனின் மனைவியாம், ஸ்டெதாஸ்கோப்போடு வீட்டுக்கே வந்து என் நாக்கை நீட்டச் சொன்னார். எனக்கு என்ன தோன்றியிருக்கும், நீயே சொல். பெற்ற வயிற்றில் வலித்தால் கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, வந்த பெண்களிடமெல்லாம் சொன்னேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலம்மா, அவனுக்கே தெரிஞ்சிடுது" என்று பட்டையைத் தூக்கிக் காட்டினேன். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அடுத்த தெருவில் ஒருத்தி தன் பிள்ளைக்குப் போன் போட்டு, அவளுடைய இடுப்பு வலி அவனுக்கு ஏன் தெரியவில்லை என்று சண்டை பிடித்தாளாம். அவன் பாவம் துபாயில் என்ன முழி முழித்தானோ.

இப்படியே இருந்திருக்கலாம். விளம்பரம்தான் கெடுத்தது. முழங்காலை ஒரு தடவை கேட்டதற்கு, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூட்டுத் தைலம் விற்க ஆரம்பித்தார்கள். துஆ படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெண் தலைமுடியை விரித்துக்கொண்டு வருவாள். ஒருநாள் திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் போனில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இதை அழுத்துங்கள் என்றது. நான் அழுத்தவில்லை, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஷமீமாவுக்கு ஆள் அனுப்பினேன். அத்தாவின் தங்கை மகள், உனக்குத்தான் தெரியுமே, நம் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு, தாராசுரத்துக்கு அந்தப் பக்கம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போய்வருகிறாள். அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை, இந்தப் பிரவுசரில் வருகிற விளம்பரத் தொல்லை, வேறு பிரவுசர் போட்டுக்கொள்ளலாம், எல்லாமே இலவசம்தான் என்றாள். அவள் கல்லூரியில் அதை உலாவி என்று தமிழில் எழுதுகிறார்களாம். வாசற்படி தாண்டாதவளுக்கு உலாவி கட்டாயம் வேண்டும் என்றேன். உன் அத்தா போன பிறகு நான் சொன்ன முதல் கேலி அதுதான் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு எனக்கே யாரோ சொன்னதுபோல இருந்தது.

இலவசம் என்றதும் உன் அத்தாவின் ஞாபகம் வந்தது. மண்டிக்கு வருகிற பெட்டிக்கடைக்காரர்களுக்கு அவர் எண்ணிக் கட்டிய கவுளிக்கு மேல் ஒரு கை வெற்றிலை கொசுறு வைப்பார், பார்த்திருப்பாய். தாராள மனசு என்று எல்லாரும் சொல்வார்கள். கொசுறு வைத்துக்கொண்டே, உங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் வளைகாப்பு என்று விசாரித்துக்கொள்வார். வந்தவர் போவதற்குள் அந்த வீட்டுக்கு எத்தனை கவுளி தேவைப்படும் என்பது அவர் மனதில் ஏறியிருக்கும். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் சும்மா கொடுக்கிறவர்கள் எதையோ கேட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்பது வெற்றிலைக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்காது. அதனால் ஷமீமாவிடம், எது வேகம் எது அழகு என்று சொல்லாதே, எது என்னிடம் என்ன கேட்கிறது என்று மட்டும் சொல் என்றேன்.

அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள். முதலில் போட்டதைத் திறந்தவுடன், பெட்டிக்குக் கீழே ஒரு நடிகையின் விவாகரத்துச் செய்தி, சர்க்கரைக்கு ஓர் இலை, நிலம் வாங்க ஓர் ஆள். இத்தா இருக்கிற வீட்டில் இந்தக் கூத்து எதற்கு என்று எடுக்கச் சொன்னேன். அடுத்தது நெட் காசை மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டே, என் படங்களைப் பார்க்கட்டுமா, நம்பர்களைப் பார்க்கட்டுமா, நான் இருக்கும் இடத்தைப் பார்க்கட்டுமா என்று வரிசையாகக் கேட்டது. விருந்துக்கு வந்தவர் பீரோ சாவியைக் கேட்டால் எப்படி இருக்கும். அதையும் எடுத்தாயிற்று. இன்னொன்று மரியாதையாகத்தான் இருந்தது, விளம்பரத்தையும் தடுத்தது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் பக்கவாட்டில் ஓடியது, ஒரு வரியைப் படிக்க விரலால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியாக ஒன்று. பெட்டி திரையின் அடியில் இருந்தது, கட்டைவிரலுக்கு எட்டியது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக் கீழே வந்தது. பெயர் கேட்கவில்லை, கணக்குத் திறக்கச் சொல்லவில்லை. மூடும்போது எல்லாவற்றையும் அழித்துவிட ஒரு வழி இருந்தது. மறுபடி திறந்தால் என்னை யாரென்றே அதற்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்தது. ஷமீமா பெருமூச்சு விட்டுக்கொண்டு, "மச்சானுக்குப் பொண்ணு பாக்கறப்பவாவது இவ்வளவு பாப்பீங்களா மாமி" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். பழைய பிரவுசரில் நான் சேர்த்து வைத்திருந்த இரண்டொரு பக்கங்களை, இத்தா சட்டமும் மேட்டூர் பக்கமும்தான், புதியதற்கு மாற்ற வேண்டும் என்று அவள் பழையதைத் திறந்தாள். மேல் மூலையில் இருந்த சின்ன வட்டத்தைத் தொட்டாள். "மாமி, இது மச்சான் அக்கவுண்ட்ல ஓடுது" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். இந்தப் போன் உன்னுடையது, நீ உன் கணக்கை இதில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், அங்கே புதுப் போனிலும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறாய், அதனால் இங்கே நான் பெட்டியில் கேட்பதெல்லாம் அங்கே உன் பெட்டிக்குக் கீழே வந்து நிற்கும் என்றாள். அப்படியென்றால் முழங்கால் பட்டை, என்றேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது, தம்பி. பிள்ளையிடம் மறைக்கிற வயசு இல்லை எனக்கு, மறைக்கிற விஷயமும் இல்லை. ஆனாலும் தலை வாரலாமா என்று கேட்டது, ராத்திரித் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது, அழுகையைப் பற்றிக் கேட்டது, எல்லாம் நீ படித்திருக்கிறாய். அதைவிட, தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேனே. இத்தனை மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது என்றால் அந்த வெட்கம்தான் முதலில் உறைத்தது. பின்னாலேயே கோபம் வந்தது. தெரிந்ததை என்னிடம் சொல்லாமல் குக்கரும் டாக்டரும் அனுப்பிக்கொண்டிருந்தாயே என்று. "எடுத்துடு, எல்லாத்தையும் எடுத்துடு" என்றேன் ஷமீமாவிடம். அவள் அழிப்பதற்காகப் பெட்டியைத் தொட்டாள். எதுவும் எழுதாமல் தொட்டாலே, முன்னால் கேட்டவை எல்லாம் கீழே வரிசையாக வந்து நிற்குமே, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கடிகாரப் படத்தோடு. அப்படி வந்து நின்றன.

தமிழ் வரிகள் என்னுடையவை. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்தில் சில வரிகள் இருந்தன. அவை எப்போதும் இருந்தவைதான். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும் என்பதால், போன் தன் பாட்டுக்கு எதையோ போட்டு வைத்திருக்கிறது என்று ஒதுக்கிவிட்டிருந்தேன். ஷமீமா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னடி அது என்றேன். அவள், "இது உங்களோடது இல்ல மாமி. அங்கேருந்து வந்தது" என்றாள். படி என்றேன். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ்தான். ஜனாஸாவையும் அடக்கத்தையும் பார்க்காத மகன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. சேர்ந்து தங்கும் அறையில் தூக்கம் வர என்ன வழி என்று ஒரு வரி. மூன்றாவதை அவள் மெதுவாகப் படித்தாள். அத்தா மவுத் அழுகை வரல ஏன். அதே வரிசையில் கடிகாரப் படத்தோடு என் வரியும் நின்றது, கணவர் இறந்த பிறகு மனைவிக்கு அழுகை வராமல் இருக்குமா என்று. யார் முதலில் கேட்டது என்றேன். எங்கேயோ தொட்டுப் பார்த்துவிட்டு, மச்சான்தான், இங்கேயிருந்து திரும்பிப் போன அன்றைக்கே கேட்டிருக்கிறார் என்றாள். இன்னும் வரிகள் இருந்தன. போதும், படிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவற்றை நான் பார்க்கவில்லை. அது உன் பெட்டி.

ஷமீமா போன பிறகு கூடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் முற்றத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. நீ அங்கே ஒருவருக்கு மேல் ஒருவராகப் படுக்கிற கட்டிலில், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட இருக்கிறவர்கள் பார்க்காமல் அந்த வரியை எழுதியிருப்பாய். அந்தக் கேள்விக்கு அது உனக்கு என்ன பதில் சொன்னது என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதையேதான் சொன்னது. அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி இருக்கும், நாளாக நாளாகச் சரியாகும், நெருங்கியவர்களிடம் பேசுங்கள் என்று. நெருங்கியவர்களிடம் பேசுங்கள் என்று படித்துவிட்டு நீ எனக்குக் குக்கர் அனுப்பினாய். நான் அதே வரியைப் படித்துவிட்டுக் குக்கரில் சோறு வைத்தேன். நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, அழவில்லை என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. உன்னைப் பற்றி அதே பெட்டியில் கிடந்ததை நான் இத்தனை மாதம் விரலால் ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். அதற்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தமும் நன்றாக உறைக்கிறது.

அதனால்தான் பிரவுசரை மாற்றினேன். விளம்பரத்துக்காக ஆரம்பித்தது, உனக்காக முடிந்தது. மறுநாள் ஷமீமாவை வரச் சொல்லி, அத்தாவின் படங்களை எல்லாம் முதலில் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, உன் கணக்கை இந்தப் போனிலிருந்து எடுக்கச் சொன்னேன். இனி நான் எதைக் கேட்டாலும் உனக்கு வராது. நீ எதைக் கேட்டாலும் எனக்கு வராது. நான் பயந்து செய்ததாக நினைக்காதே. நான் எழுதியதை நீ அங்கிருந்து படித்துவிட்டு, அம்மாவிடம் பேசியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறாய். பொருள் அனுப்பினால் பதில் சொல்லியாயிற்று என்று ஆகிவிடுகிறது. நம் இரண்டு பேருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வசதியாக இருந்ததால்தான் வேண்டாம் என்கிறேன். இந்தப் புதிய பிரவுசர் மூடியவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. இனி என்னைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். நானும் வாயைத் திறந்து சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறது. பட்டை பெரிய அளவாகப் போய்விட்டது, நழுவுகிறது. டாக்டரம்மா நல்ல பெண், ஆனால் எனக்கு வியாதி ஒன்றும் இல்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். அம்மா தனியாக இருக்கிறாள், தூங்கவில்லை, அதனால் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் பார்க்கிறாய். அந்தக் காகிதத்தில் என் பெயரைப் போடாதே. நான் பிழைத்துக்கொள்வேன், சின்னக் குக்கர் இருக்கிறது, ஷமீமா இருக்கிறாள், மேட்டூர் இருக்கிறது. உனக்கு ஊர் வேண்டும் என்றால், அத்தா நடந்த தெருவில் நீ கொஞ்ச நாள் நடக்க வேண்டும் என்றால், அதைச் சொல்லிவிட்டு வா. அது வெட்கப்பட வேண்டிய காரணம் இல்லை. ஆனால் அதையும் இப்போதே முடிவு செய்யாதே. மரத்துப்போன கையால் எந்தக் கணுவில் கிள்ளுகிறோம் என்று தெரியாது, அந்த நேரத்தில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ள யாரும் இறங்குவதில்லை. என் இத்தா முடிகிற நாள் வருகிறது. உறவுப் பெண்கள் வருவார்கள், துஆ ஓதுவார்கள், எனக்கு ஒரு புதுப்புடவையைக் கொடுப்பார்கள். அதற்குக் கிடைக்கிற லீவைப் போட்டுவிட்டு வா. வேலையைப் பற்றி அப்புறம் பேசுவோம், வீட்டுக்குள் உட்கார்ந்து.

இரண்டாம் பாதிக்கு வந்துவிட்டேன். நலம் அறிய ஆவல், தம்பி. தூங்குகிறாயா? சேதி வந்தபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அன்றைக்கு உனக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? கபரில் அவ்வளவு நேரம் நின்றாயே, என்ன சொன்னாய் அவரிடம்? இவற்றையெல்லாம் நான் எந்தப் பெட்டியிலும் கேட்கவில்லை, உன்னிடம்தான் முதல்முதலாகக் கேட்கிறேன். பதிலும் எனக்குத்தான் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் போதும்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உனக்கும் வந்திராது என்று நினைக்கிறேன். பரவாயில்லை, வராமலே வா. வருகிறபோது பேரீச்சம்பழமோ பால் பவுடரோ தைலமோ உன் இஷ்டம்போல் பெட்டியை நிரப்பிக்கொள். போன தடவை எனக்காக நீயும் உனக்காக நானும் ஒரு திடத்தை வைத்துக்கொண்டிருந்தோமே, அதை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

உன் அம்மா